பரிசாக வந்த மடக்கு ஸ்ட்ரோலரில் ஒரு மாதக் குழந்தையின் தலை முன்னால் சரிகிறதா?

தலையணையோ சுருட்டிய துண்டோ வைத்துச் சமாளிக்க வேண்டாம். அந்த ஸ்ட்ரோலரை ஆறு மாதம் வரை எடுத்து வையுங்கள். அது நன்றாக உட்காரும் குழந்தைக்கானது போலத் தெரிகிறது.

ஒரு மாதத்தில் கழுத்து நிற்காது. சாய்வு போதாவிட்டால் தாடை நெஞ்சில் படிந்து மூச்சுப்பாதை மடங்கும். அழுகைச் சத்தம்கூட வராது, அதுதான் பயம். தலையணை வைத்தால் தலை இன்னும் முன்னால்தான் தள்ளப்படும்.

ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சாய்மானத்தை முழுக்கப் படுக்க வைத்து, இருக்கைக்கும் அதற்கும் இடையே உள்ள கோணத்தை அளக்கவும். பிறந்ததிலிருந்து பயன்படுத்தும் வண்டிக்கு ஐரோப்பியத் தரவிதி கேட்பது குறைந்தது 150 பாகை. வண்டியின் சட்டகத்தில் ஒட்டியுள்ள லேபிளில் வயதும் இருக்கும். '6 மாதம் முதல்' என்றால் அளக்கவே தேவையில்லை, இப்போதைக்கு அது ஆகாது.

புதிதாக வாங்குவதானால் தட்டையாகப் படுக்கும் தொட்டில் வைத்த குழந்தை வண்டிதான் (பிராம்) என் தேர்வு. இடுப்பு, தோள், கால் நடுவே என ஐந்து முனை பெல்ட் உள்ள, முழுதாய்ச் சாயும் ஸ்ட்ரோலரும் சரி. கடைக்குப் போகுமுன் லிஃப்ட் கதவின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்.

குறைமாதக் குழந்தை அல்லது எடை குறைவு என்றால் முதலில் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். அப்புறம், வெயிலுக்காக வண்டியைத் துணியால் மூடாதீர்கள். உள்ளே சூடு சட்டென ஏறிவிடும்.