தனியாகத் தீம் பார்க் செல்பவர் எங்கே தங்கலாம்?

நான் ஒருத்திதான் தங்கப்போகிறேன். அறை வாடகை ஏன் குறையவில்லை?

பெரும்பாலான ஓட்டல்கள் ஆளுக்கு அல்ல, அறைக்கே வாடகை வாங்குவதால், இருவர் பகிர வேண்டிய தொகை முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது. தோக்கியோ டிஸ்னிலேண்ட் செல்வதானால், ஜப்பானிய பிசினஸ் ஓட்டல்களில் கிடைக்கும் ஒற்றையர் அறைகளைப் பாருங்கள். தோக்கியோ நிலையத்திலிருந்து கேயோ பாதை ரயில் பார்க் வாசலில் உள்ள மைஹாமா நிலையத்துக்கு நேராகச் செல்கிறது.

அமெரிக்காவின் ஆர்லாண்டோவில், சவாரிகளின் நீண்ட வரிசையைத் தவிர்க்க உதவும் எக்ஸ்பிரஸ் பாஸ் சேர்ந்து வரும் யுனிவர்சல் தீம் பார்க் ஓட்டலுக்குக் கூடுதலாகச் செலவழிக்கலாமா?

குடும்பமாகச் செல்பவருக்கு நான் தரும் பதில் வேறு. போர்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் ஆகிய மூன்றிலும் தங்குவோருக்கு அந்தப் பாஸ் கிடைப்பது உண்மையே. ஆனால் தனியாகச் செல்லும் உங்களுக்கு, காலியாக நிற்கும் ஓர் இருக்கையை நிரப்பும் சிங்கிள் ரைடர் வரிசை பல சவாரிகளில் கட்டணமின்றியே திறந்திருக்கிறது. எல்லாச் சவாரிகளிலும் அது இல்லை என்பதால், நீங்கள் ஏற விரும்பும் சவாரிகளின் பட்டியலை முதலில் எழுதி, அவற்றில் எத்தனைக்கு அந்த வரிசை உண்டு என்று பார்த்தபிறகே பணத்தைக் கட்டுங்கள். பாதிக்கு மேல் இருந்தால், அந்தப் பணத்தில் இன்னொரு நாள் தங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

“பார்க்குக்கு மிக அருகில், இலவசப் பேருந்து உண்டு” என்ற விளம்பரத்தை நம்பலாமா?

நடைதூரமா என்று மட்டும் கேளுங்கள். கலிபோர்னியாவின் அனாஹைமில் ஹார்பர் பொலிவார்டு ஓட்டல்கள் பலவற்றிலிருந்து டிஸ்னிலேண்டுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரந்த ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில், வளாகத்துக்குள்ளேயே தங்கினாலும் சில பார்க்குகளுக்குப் பேருந்தில்தான் செல்ல வேண்டும். (அங்குள்ள டிஸ்னி ஓட்டல்களில் தங்குவோருக்கு அரைமணி நேரம் முன்னதாக நுழையும் சலுகை உண்டு, விடியலில் எழுபவருக்கு அது பெரிய லாபம்.) இலவசப் பேருந்தை நம்பி ஒருமுறை நான் தங்கிய ஓட்டலின் கடைசி வண்டி, வாணவேடிக்கை முடியும் முன்பே புறப்பட்டுவிட்டது, செருப்பு கடித்த காலோடு, சார்ஜ் தீரும் கைபேசியுடன் வாடகைக் கார் தேடிய அந்த இரவுக்குப் பிறகு, கடைசி வண்டியின் நேரத்தைக் கேட்காமல் நான் எங்கும் முன்பதிவு செய்வதில்லை.

பாதுகாப்புக்கு எதைப் பார்ப்பது?

அறைக்கதவு நேராக வாகன நிறுத்தத்தில் திறக்காமல் உள்நடைவழியில் திறப்பதும், வரவேற்பறையில் இரவு முழுவதும் ஆள் இருப்பதும் அவசியம். அறை எண்ணைப் பணியாளர் உரக்கச் சொல்லிவிட்டால், தயங்காமல் வேறு அறை கேளுங்கள்.