விரல் வைத்துக் காட்ட முடிகிற வலி

கேள்வி: டாக்டர், நான் 34 வயதுப் பெண். இன்னும் 11 வாரத்தில் என் முதல் முழு மாரத்தான். மழையால் இரண்டு வாரம் ஓடவே முடியவில்லை. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று வாரம் 30 கிலோமீட்டரிலிருந்து 50-க்குப் போய்விட்டேன். இப்போது முழங்கால் மடக்கினால் சொடுக்குகிறது, பெருவிரல் நகம் கறுத்துவிட்டது, இடது கணைக்கால் எலும்பில் ஓரிடத்தில் வலிக்கிறது, இரவிலும் விடுவதில்லை. ஓடுவதற்கு முன் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை ஒன்று போட்டுச் சமாளிக்கிறேன். மழையில் நனைந்து ஓடினால் நெஞ்சில் சளி கட்டுமா? ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. நான் ஓடுவதையே விட்டுவிட வேண்டுமா?

மருத்துவர் பதில்: ஓடுவதை விட வேண்டாம். ஆனால் இன்று ஓடாதீர்கள், நாளையும் ஓடாதீர்கள். ஒரு மருத்துவர் அந்தக் கணைக்காலைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும்வரை ஓட்டம் இல்லை.

நகத்துக்கு அடியில் கசிந்த ரத்தம்தான் அந்தக் கறுப்பு. ஷூ நுனியில் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும். நகம் விழுந்தாலும் முளைக்கும், குத்திக் கிளறாதீர்கள். வலியோ வீக்கமோ இல்லாமல் முழங்கால் சொடுக்குவது ஒரு நோயே அல்ல. சளி வைரஸால் வருகிறது, மழைத்தண்ணீரால் அல்ல. மழையில் பயப்பட வேண்டியது மின்னலுக்கு. இடி காதில் விழுந்தால் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வராதீர்கள். மூட்டுத் தேய்மானம் பற்றி நீங்கள் படித்தது வீண் பீதி. உங்களைப் போல ஆர்வத்துக்காக ஓடுகிறவர்களுக்கு, ஓடாமல் இருப்பவர்களைவிட மூட்டு அதிகமாகத் தேய்வதில்லை.

சரி, கணைக்காலுக்கு வருவோம்.

தூரத்தைக் கூட்டுகிற பலருக்கும் அங்கே வலி வரும். எலும்பின் உள் விளிம்போரமாக ஒரு சாண் நீளத்துக்குப் பரவி வலிக்கும். ஓட ஆரம்பித்து உடம்பு சூடானதும் தணியும். அது தொல்லை, அவ்வளவுதான். உங்கள் வலி அப்படிப் பரவவில்லை. ஓரிடத்தில் நிற்கிறது, படுத்த பிறகும் வலிக்கிறது. ஒரே விரலை வைத்து ‘இங்கேதான்’ என்று காட்ட முடிந்தால், அது எலும்பில் விழுந்த மயிரிழை விரிசலாக இருக்கலாம். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்போம். நீண்ட தூரம் நடந்த படைவீரர்களின் பாதங்களில் இதை 1855-லேயே ஒரு ராணுவ மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். விழ வேண்டாம், அடிபட வேண்டாம். திரும்பத் திரும்ப விழும் சுமையே போதும்.

சுமை கூடினால் உடம்பு முதலில் பழைய எலும்பை அரித்து எடுக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும். இடையில் சில வாரம் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். நெஞ்சும் தசையும் அதற்குள் தயாராகிவிடுவதால் ‘இன்னும் ஓடலாம்’ என்றே தோன்றும். நீங்கள் 30-லிருந்து 50-க்குத் தாவியது அந்த நேரத்தில்தான். மழையில் போன இரண்டு வாரத்தால் நீங்கள் இழந்தது மிகக் கொஞ்சம். அதைத் திருப்பிப் பிடிக்கத் தேவையே இருக்கவில்லை. இனி மழை வந்தால் அந்த ஓட்டங்களை விட்டுவிடுங்கள், அடுத்த வாரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள்.

அந்த மாத்திரை எனக்குக் கோபத்தையே தருகிறது. நிறுத்து என்று எலும்பு சொல்கிறது, நீங்கள் அதன் வாயை மூடிவிட்டு அதே எலும்பின் மேல் ஓடுகிறீர்கள். எலும்பு மட்டுமல்ல, சிறுநீரகமும் இதில் மாட்டுகிறது. நீண்ட ஓட்டத்தில் வியர்த்து நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். அதைத் தாக்குப்பிடிக்க உடம்பு சுரக்கும் பொருளைத்தான் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை தடுக்கின்றன. ஓடுவதற்கு முன் வலி மாத்திரை என்ற பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமல் போகலாம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற தைரியத்தில் ஓடித் திரும்பி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். எலும்பின் உள் விளிம்பில் என்றால் பெரும்பாலும் 6 முதல் 8 வாரம் ஓடாமல் இருந்தால் ஆறும். முன் விளிம்பின் நடுவில் என்றால் ஆற நாளாகும், சில நேரம் அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படலாம். தொடை இடுக்கில் இதே மாதிரி வலி வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முழுதாக முறியக்கூடியது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? தூரம் கூடி, சாப்பாடு அதற்கேற்பக் கூடாவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பும் மெலியும். மூன்று மாதம் வராமல் இருந்தால் ‘ஓடுவதால் இப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடலாம்.

விரிசல் உறுதியானால் இந்த மாரத்தான் கிடையாது. 11 வாரத்தில் 8 வாரம் ஓய்வுக்கே போனால், மிச்சம் மூன்றில் 42 கிலோமீட்டருக்குத் தயாராக முடியாது. இத்தனை மாத உழைப்பு போய்விடுமே என்பதுதான் உங்கள் பயம் என்று புரிகிறது. போகாது. வலியில்லாமல் சைக்கிள் மிதிக்கலாம், நீச்சல் குளத்தில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு தரை தொடாமல் ஓடலாம்; நெஞ்சின் பலம் பெருமளவு நிற்கும். அப்புறம் வலி துளியும் இல்லாமல் வேகமாக நடக்க முடிந்ததும், ஒரு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்து மெல்லத் திரும்பலாம்.

இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கடைசி ஆறு வாரத்தில் எந்த நாள் எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள் என்ற குறிப்பையும் அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். அன்று காலை மாத்திரை போடாமல் போங்கள். வலி எங்கே என்று அவர் தொட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.