மென்பொருளுக்குக் காசு எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குறிப்பெடுக்கும் மென்பொருளுக்கு வருடா வருடம் சந்தா கட்டுவதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். அதே வேலையைச் செய்யும் இலவசச் செயலிகள் கொட்டிக்கிடக்கின்றன. பத்து வருடமாக நான் எதற்கும் காசு கொடுத்ததில்லை, ஒன்றும் குறைந்துவிடவில்லை. கட்டற்ற மென்பொருளை ஆதரிக்கும் நீங்களே இப்படிச் செய்வது முரண் இல்லையா?

க.

அன்புள்ள க.,

முரண் இல்லை. ஆங்கிலத்தில் ‘இலவசம்’, ‘சுதந்திரம்’ இரண்டுக்கும் ‘ஃப்ரீ’ (free) என்ற ஒரே சொல் என்பதால் வந்த குழப்பம் இது. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற சுதந்திரம் உள்ள மென்பொருளைத் தமிழில் ‘கட்டற்ற’ என்று தனியாகவே சொல்கிறோம். அந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985-ல் ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பு மென்பொருளை காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றவர்தான்.

உங்களுக்கு ஒன்றும் குறையவில்லை. எனக்குக் குறைந்திருக்கிறது. ஆறு வருடக் குறிப்புகளை ஓர் இலவசச் செயலியில் வைத்திருந்தேன். முப்பது நாள் கெடு கொடுத்து மூடிவிட்டார்கள். பதிவிறக்கிய கோப்பில் எழுத்தெல்லாம் இருந்தது, தேதிகள் இல்லை. அப்பா மருத்துவமனையில் இருந்தபோது எழுதியவை எவை, அவர் போன பிறகு எழுதியவை எவை என்று இன்றும் என்னால் பிரிக்க முடியவில்லை. காசு கட்டியிருந்தால் மூடியிருக்க மாட்டார்கள் என்று சொல்லவரவில்லை. கேள்வி கேட்க ஒரு பிடியாவது இருந்திருக்கும்.

இதைவிடப் பெரிய செலவு நம் கண்ணில் படுவதே இல்லை, அதை வேறு யாரோ சுமக்கிறார்கள். இணையத்தில் போகும் தகவலை மறையாக்கிக் காக்கும் கட்டற்ற மென்பொருள் ஓப்பன்எஸ்எஸ்எல். 2014-ல் அதில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோதுதான், இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அதற்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் என்று பலருக்கும் தெரிந்தது.

2024 மார்ச்சில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது. எக்ஸ்இசட் என்ற கட்டற்ற கோப்புச் சுருக்க மென்பொருள் ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கிறது. அதைப் பல வருடமாக ஒருவர் சம்பளமில்லாமல் பராமரித்துவந்தார். வேலை மெதுவாக நடக்கிறது என்று முகம் தெரியாதவர்கள் அவரை நெருக்கினார்கள். களைத்துப்போயிருந்த அவருக்கு ஒத்தாசையாக வந்த ஒருவர், இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை பார்த்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் அந்தக் கணினிகளுக்குள் ரகசியமாக நுழைய உதவும் ஒரு பின்வாசலை மென்பொருளின் உள்ளே வைத்துவிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் உள்நுழைவது வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாவதை ஆந்திரேஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கவனித்தார். விடாமல் துருவினார். அதனால்தான் அது பிடிபட்டது. அந்தப் பராமரிப்பாளருக்குச் சம்பளமும் கூட ஓர் ஆளும் இருந்திருந்தால், அந்த ‘ஒத்தாசை’ அவருக்குத் தேவைப்பட்டிருக்குமா?

அதனால் சந்தாவோடு சேர்த்து, நான் தினமும் திறக்கும் இரண்டு கட்டற்ற மென்பொருள்களின் பராமரிப்பாளர்களுக்கும் வருடத்துக்கு ஒருமுறை பணம் அனுப்புகிறேன். கையில் காசில்லாத மாணவரிடம் இதை நான் கேட்க மாட்டேன். பத்து வருடமாகப் பயன்படுத்தும் உங்களிடம் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, உங்கள் குறிப்புகளை இன்றே ஒருமுறை பதிவிறக்கிப் பாருங்கள். தேதிகள் வருகின்றனவா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.