உலகழிவுக்குப் பிந்தைய கதைகளில் இயற்கையைப் பேணும் பொறுப்பு ஏன் பெண்ணிடமே விடப்படுகிறது?

பெண்ணும் பூமியும் ஒன்று, இருவருமே பிறவியிலேயே தாய்மார் என்ற பழைய நம்பிக்கைதான் இதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். ஆண் காவல் நிற்கிறான், பெண் விதையையும் குழந்தையையும் காக்கிறாள் என்ற பாகுபாடு அதிலிருந்தே வருகிறது. பெண்ணைப் போற்றுவதுபோலத் தோன்றினாலும், பேணுதல் என்பது பழகித் தேற வேண்டிய, இடுப்பொடிக்கும் உழைப்பு என்பதை அது மறைத்துவிடுகிறது.

அந்த உழைப்பை மறைக்காத நாவல், ஆஸ்திரிய எழுத்தாளர் மார்லென் ஹவுஸ்ஹோஃபர் 1963இல் ஜெர்மன் மொழியில் எழுதிய ‘சுவர்’. கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று மலைக்காட்டைச் சூழ்ந்துகொள்ள, அதற்கு அப்பால் மனிதர்களும் விலங்குகளும் கல்லாய் உறைந்துபோக, நடுவயதுப் பெண் ஒருத்தி ஒரு நாய், ஒரு சினைப்பசு, ஒரு பூனை ஆகியவற்றோடு தனித்து விடப்படுகிறாள். பால் கறக்கும் வேளை, புல்லறுத்து உலர்த்தும் பருவம், உருளைக்கிழங்கு நடும் பருவம் ஆகியவையே அவளுடைய நாட்களை வகுக்கின்றன. மான்களைச் சுடுவதை அவள் வெறுக்கிறாள். ஆனாலும் தனக்கும் நாய்க்கும் இறைச்சி வேண்டுமென்பதால் சுடுகிறாள். ஒரு கட்டத்தில், பழம் பொறுக்கும்போது தான் ஒரு குழந்தை, மரம் அறுக்கும்போது ஓர் இளைஞன், மாலையில் பெஞ்சில் அமர்ந்திருக்கும்போது ஆணுமல்லாத பெண்ணுமல்லாத முதிய உயிர் என்று அவள் உணர்கிறாள். அவளைப் பேணுபவளாக்கியது அவளுடைய பாலினமன்று, அன்றாட வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான இடத்தை நான் வாசித்ததில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் ‘பேரபிள் ஆஃப் தி சோவர்’ (1993) நாவலின் நாயகி லாரன், சீர்குலைந்த அமெரிக்காவில் ஆண் வேடமிட்டு வடக்கு நோக்கி நடந்தபடியே வழிப்போக்கர்களை ஒரு சமூகமாகத் திரட்டுகிறாள். அங்கும் தாய்மைக்கு முன்னுரிமை இல்லை.

அழிந்த உலகில் ஒரு தந்தையும் சிறு மகனும் நடந்து செல்லும் கதையான, அமெரிக்க எழுத்தாளர் கார்மாக் மெக்கார்த்தியின் ‘தி ரோட்’ (2006) இந்தக் கேள்வியை மறுபக்கத்திலிருந்து அணுகுகிறது. மகனைப் பிடித்தவனைச் சுட்டுக் கொன்ற தந்தையே, சிறுவனின் தலைமயிரில் தெறித்த மூளைத் துணுக்குகளைக் குளிர்ந்த நீரில் கழுவி, நெருப்பருகே உலர்த்துகிறார். அது தம் வேலை என்கிறார். ஆண் ஒருவரின் பேணலை இத்தனை அருகில் நின்று காட்டிய எழுத்து அரிது. ஆயினும் சாம்பல் மூடிய அந்த நிலத்தில் பயிர் எதுவும் விளைவதில்லை. பழைய உலகின் டின் உணவைத் தேடித்தான் இருவரும் பிழைக்கிறார்கள். எனவே அவருடைய பேணல் மகனைத் தாண்டி மண்ணுக்குச் செல்ல வழியில்லை. தாயோ கதை தொடங்குவதற்கு முன்பே நம்பிக்கையிழந்து உயிரை மாய்த்துக்கொண்டுவிடுகிறாள். தந்தை பேணுபவராக உயர்வதற்கு அவளை ஏன் கதையைவிட்டு அனுப்ப வேண்டும் என்பதே அந்நாவலோடு எனக்குத் தீராத பிணக்கு.