சேமிப்புக் கணக்குக்கு 7 சதவீத வட்டி என்றார்கள், 3 லட்சத்துக்கு மூன்று மாத வட்டி 4,250 ரூபாய்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வங்கி ஏமாற்றவில்லை. அந்த 7 சதவீதம் உங்கள் மொத்தப் பணத்துக்கும் இல்லை, ஒரு வரம்புக்கு மேலே உள்ள தொகைக்கு மட்டும்.

முதல் 1 லட்சத்துக்கு 3 சதவீதம், அதற்கு மேல் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 3,000 + 14,000 = 17,000 ரூபாய். அதில் கால் பங்கு 4,250. கணக்கு சரியாக உட்காருகிறது, பாருங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் இந்த உச்சபட்ச வட்டிதான்!

வங்கியின் இணையதளத்தில் சேமிப்புக் கணக்கு வட்டி அட்டவணையைத் திறந்து, எந்தத் தொகைக்கு எந்த வட்டி என்று பாருங்கள். அது பொருந்தவில்லை என்றால் ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். வட்டி தினசரி இருப்பின் மேல் கணக்கிடப்படுகிறது. நடுவில் பணம் எடுத்த நாட்களுக்கு அதற்கேற்பக் குறையும்.

ஆறு மாதத்துக்குத் தேவைப்படாத பணம் என்றால் ஸ்வீப் வசதியோ (ஒரு அளவுக்கு மேல் உள்ள பணம் தானாக எஃப்டிக்குப் போவது) சாதாரண எஃப்டியோ போடலாம். என்னைக் கேட்டால் ஒரு மாதச் செலவை மட்டும் சேமிப்புக் கணக்கில் விடுவேன். எஃப்டியை முன்கூட்டியே உடைத்தால் வட்டி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்று. அதிக வட்டி தரும் சிறு வங்கிக்கு மாறுவதாக எழுதியிருக்கிறீர்கள். வங்கி மூழ்கினால் பணம் திரும்பக் கிடைக்க உதவும் வைப்புக் காப்பீடு, ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரைதான். இரண்டு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் வரம்பு அதேதான். வங்கிக்குப் பதில் லிக்விட் ஃபண்டில் (குறுகிய கால மியூச்சுவல் ஃபண்ட்) போட்டால், அதற்கு அந்தக் காப்பீடு கிடையாது.