தோட்டக் கேள்வி பதில்: விதை முளைக்கும் முன் எலி முந்திக்கொண்டால்

எலித் தொல்லை பற்றி நிறைய கடிதங்கள் வந்துள்ளன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: சமூகத் தோட்டத்தில் பூசணி, பாகல், பயற்றங்காய் விதை போட்டேன். மறுநாள் போட்ட இடத்தில் எல்லாம் குழி. சிலர் எலி என்கிறார்கள், சிலர் மைனா என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், தெம்பனிஸ்

பொழுது சாயும்போது ஒருமுறை, விடிந்ததும் ஒருமுறை பாத்தியைப் பாருங்கள். மாலையில் சரியாக இருந்த மண் காலையில் தோண்டியிருந்தால் எலிதான். மைனா, புறா, மணிப்புறா எல்லாம் பகலில்தான் கிளறும். எலி தோண்டும் குழி விதை இருந்த இடத்தில் மட்டும், புனல் மாதிரி சின்னதாக இருக்கும். பக்கத்திலேயே பிளந்த தோல் கிடக்கும். பூசணி விதையின் வெள்ளைத் தோல் இரண்டு பாதியாகக் கிடந்தால் வேறு சாட்சி தேவையில்லை. பறவை மண்ணை அகலமாகச் சிதறடிக்கும். முளைத்த நாற்றை இழுத்து அங்கேயே போட்டுவிட்டும் போகும்.

குழியே இல்லாமல் கீரை விதை காணாமல் போனால் எறும்பைச் சந்தேகப்படுங்கள். நாற்று தரையோடு வெட்டுப்பட்டு, பக்கத்தில் காய்ந்த பளபளப்பான கோடு இருந்தால் நத்தை.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால், மழை இல்லாத மாலையில் விதைத்த இடத்தைச் சுற்றி நைசான மணலைத் தூவிக் கையால் சமப்படுத்தி விடுங்கள். காலையில் மணலில் பதிந்த கால்தடத்தைப் பாருங்கள்: எலிக்கு முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் ஐந்து. மாவைத் தூவாதீர்கள், அது விருந்து வைப்பதாகிவிடும்.

ஒரு வேண்டுகோள். நீண்ட கூர்மூக்கும் ஒரு மாதிரி வாடையும் உள்ள மூஞ்சூறைப் பார்த்தால் அடித்துவிடாதீர்கள். அது முக்கியமாகப் புழு பூச்சி, கரப்பான் தின்பது. உங்கள் விதைக்கு அது எதிரி இல்லை.

கேள்வி: நைலான் வலை போட்டேன், இரண்டே இரவில் கடித்து ஓட்டை போட்டுவிட்டது. கோழிக்கூட்டு வலை போட்டும் விதை போகிறது. எந்த வலை வாங்குவது, எப்படிப் போடுவது?
– வாசகி, ஈசூன்

நைலானும் பிளாஸ்டிக்கும் பறவைக்குத்தான் தாங்கும். எலியின் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும்; அதற்குக் கடித்தே ஆக வேண்டும். கோழிக்கூட்டு வலையின் அறுகோணக் கண் பெரும்பாலும் 25 மில்லிமீட்டர். சுண்டெலி புக 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும்; பென்சில் நுழைகிற சந்தில் அது நுழைந்துவிடும். எனவே துத்தநாகம் பூசிய, பற்றவைத்த சதுரக் கம்பி வலையாக, கண் 6 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அரை அங்குல வலை பெரிய எலியை நிறுத்தும், சுண்டெலியை நிறுத்தாது.

செய்முறை: 1 மீட்டர் நீளம், 60 செண்டிமீட்டர் அகலம் மூட, 160 × 120 செண்டிமீட்டர் துண்டு வேண்டும். நான்கு மூலையிலும் 30 × 30 சதுரத்தைத் தகரக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, நான்கு பக்கத்தையும் மடித்தால் 30 செண்டிமீட்டர் உயரமுள்ள, கவிழ்த்த பெட்டி கிடைக்கும். மூலைகளைக் கட்டுக்கம்பியால் 5 செண்டிமீட்டருக்கு ஒரு முடிச்சாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் டை வேண்டாம், அதையும் கடிக்கும். வெட்டிய முனைகள் கையைக் கிழிக்கும், தடித்த கையுறை அவசியம். விதைத்து, தண்ணீர் விட்டு, பிறகு பெட்டியை வைத்து விளிம்பை 10 செண்டிமீட்டர் மண்ணுக்குள் இறக்குங்கள். மேலே 20 செண்டிமீட்டர் நிற்கும். சும்மா மண் மேல் வைத்துக் கல்லை ஏற்றினால், ஒரே இரவில் விளிம்புக்கு அடியில் பறித்துக்கொண்டு உள்ளே போய்விடும். பலருடைய வலை தோற்பது இந்த இடத்தில்தான்.

இன்னொரு தவறு, வலையைப் பாத்தி மேல் தட்டையாக விரிப்பது. நாற்று கண் வழியே மேலே வந்துவிடும். வலையை எடுக்கும்போது தலை அறுந்துபோகும். பெட்டி வைத்தாலும் இலை கூரையைத் தொடும் முன் எடுத்துவிட வேண்டும். பாகல், புடலைக்கு இரண்டாவது உண்மையிலை (விதையிலைக்குப் பிறகு வரும் இலை) விரிந்ததும் எடுக்கலாம். சோளத்துக்கு அவசரப்படாதீர்கள். பயற்றங்காயில் பருப்பு மண்ணுக்கு மேலே வந்துவிடும். சோளத்தில் விதை மண்ணுக்குள்ளேயே நாற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தின்பதற்காகவே எலி முளைத்த சோளத்தைத் தோண்டும். நாற்று 15 செண்டிமீட்டர் உயரும்வரை வலை இருக்கட்டும்.

தேசியப் பூங்காக் கழகத்திடம் வாடகைக்கு எடுக்கும் 2.5 × 1 மீட்டர் பாத்தி வைத்திருப்பவர்கள் முழுப் பாத்தியையும் மூட வேண்டியதில்லை. விதைத்த பகுதியை மட்டும் மூடி, பெட்டியை இடம் மாற்றிக்கொண்டே போகலாம். நல்ல வலை பல ஆண்டு உழைக்கும்.

கேள்வி: விதையை ஊறவைத்து முளைகட்டிப் போட்டால் எலி தின்னாது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

தின்னாது என்பது சரியில்லை. சொல்லப்போனால் ஈரமான விதையின் வாசம் காய்ந்த விதையைவிட அதிகம், எலி இன்னும் சுலபமாகக் கண்டுபிடிக்கும். முளைகட்டுவதில் லாபம் வேறு: விதை மண்ணுக்குள் ஆபத்தில் கிடக்கும் நாள் குறைகிறது. வலையும் முளைகட்டுதலும் சேர்ந்தால்தான் பலன்.

பயற்றங்காயை 4 முதல் 6 மணி நேரத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள், தோல் வெடித்து அழுகும். வெண்டையை இரவு முழுக்க ஊறவிடலாம். பாகலின் தோல் கெட்டி. நகவெட்டியால் ஓரத்தில் தோலை மட்டும் லேசாகக் கிள்ளி, உள்ளே பருப்பில் படாமல் பார்த்து, 12 முதல் 24 மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு பிழிந்த ஈரத்துணியில் சுற்றி மூடிய டப்பாவில் வைத்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வேர் எட்டிப் பார்க்கும். துணியைத் தினமும் அலசுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வேர் அரை செண்டிமீட்டர் ஆனதும் நட்டுவிட வேண்டும். நீள விட்டால் நடும்போது ஒடியும்.

ஆழமாகப் புதைத்தால் எலிக்குத் தெரியாது என்று 5 செண்டிமீட்டர் இறக்குகிறவர்களும் உண்டு. நம் ஊர் மழையில் அந்த ஆழத்தில் பூசணி விதை அழுகும். 2 செண்டிமீட்டர் போதும்.

கீரை விதைக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். அவ்வளவு சின்ன விதையை எலி பெரும்பாலும் சீண்டாது.

கேள்வி: மிளகாய்த்தூள், அந்துருண்டை, புதினா எண்ணெய், எலி மருந்து. இதில் எது வேலை செய்யும்?
– வாசகி, ஜூரோங்

மிளகாய்த்தூள் எலிக்கு எரியும், பறவைக்கு எரியவே எரியாது. ஆனால் சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெய்கிறது. ஒரு மழையோடு தூள் போயிற்று. புதினா எண்ணெயும் அப்படித்தான், வாசம் ஆறியதும் எலி திரும்பி வரும்.

அந்துருண்டையைச் சாப்பிடும் பயிர் வளரும் மண்ணில் போடவே கூடாது. அது நச்சு, குழந்தைகள் மிட்டாய் என்று எடுத்து வாயில் போடும் ஆபத்தும் உண்டு.

மருந்தை நீங்களாக வைக்காதீர்கள். மருந்து தின்ற எலி அங்கேயே சாவதில்லை. நாள் கழித்துத் தள்ளாடித் திரியும்போது ஆந்தையோ மூசாங் எனும் மரநாயோ பூனையோ பிடித்துத் தின்றால் அதற்கும் விஷம் ஏறும். பாத்திக்குப் பக்கத்தில் 6 முதல் 9 செண்டிமீட்டர் அகல வளை தெரிந்தால், கசக்கிய செய்தித்தாளை வாயில் லேசாகத் திணித்துவிட்டு ஒன்றிரண்டு நாள் பாருங்கள். தாள் வெளியே தள்ளப்பட்டிருந்தால் உள்ளே எலி இருக்கிறது. இடத்தைக் குறித்து நகர மன்றத்துக்கோ, ஒன்சர்விஸ் செயலியிலோ தெரிவியுங்கள். உரிமம் பெற்ற நிறுவனத்தார் வந்து செய்ய வேண்டிய வேலை அது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் மட்டும் ஏன் இத்தனை எலி? பக்கத்துப் புளோக் தோட்டத்தில் இல்லையே.
– வாசகர், பிடோக்

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது: மண்ணில் கடலைப் புண்ணாக்கு கலப்பதாகவும் மீன் கழிவைப் புதைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். புண்ணாக்கு வாசம் எலிக்கு அழைப்பு. அதற்காக வந்ததுதான் போகிற வழியில் உங்கள் விதையையும் தின்கிறது. விதைக்கும் சமயத்தில், நாற்று தலை தூக்கும்வரை, புண்ணாக்கு, எலும்புத் தூள், மீன் கழிவு மூன்றையும் நிறுத்துங்கள். நன்றாக மக்கிய, மண் வாசம் மட்டும் உள்ள எரு போதும்.

மக்கும் தொட்டியில் சோறு, ரொட்டி, கறி போட வேண்டாம். காய்த்தோலும் காய்ந்த இலையும் போடுங்கள். தொட்டியின் அடியிலும் கால் அங்குல வலை விரியுங்கள். உதிர்ந்த பப்பாளியை அன்றன்றே பொறுக்குங்கள். புறாவுக்கு அரிசி போடுகிறவர் யாராவது தோட்டத்தில் இருந்தால் அவரிடம் பக்குவமாகப் பேசிப் பாருங்கள். அது நின்றாலே பாதித் தொல்லை குறையும்.

கேள்வி: நான்காவது மாடி, தாழ்வாரத் தொட்டிகள். இங்கேயும் விதை போகிறது.
– வாசகி, செங்காங்

கூரை எலி குழாய் பிடித்து ஏறும், நான்கு மாடி அதற்குப் பெரிதில்லை. முளைக்கும் வரை உங்கள் காய்கறி விதைகளுக்கு வெளிச்சம் தேவையில்லை என்பதால் விதையைத் தட்டில் போட்டு, அதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, வலை மூடியைக் கவ்விகளால் இறுக்குங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நீண்டுவிடும்.

எறும்புக்காக மேசைக் காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்காதீர்கள், ஏடிஸ் கொசு அதில்தான் முட்டையிடும். நடைபாதையில் 1.2 மீட்டர் வழி எப்போதும் விட்டிருக்க வேண்டும்.

கேள்வி: எலி நடமாடிய பாத்தியில் முளைத்த கீரையைச் சாப்பிடலாமா?
– வாசகர், சுவா சூ காங்

எலி கடித்த, புழுக்கை கிடந்த இலையை எறிந்துவிடுங்கள். மற்றதை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, நன்கு வேகவைத்துச் சாப்பிடலாம். அந்தப் பாத்தியில் லெட்டியூஸ் மாதிரி பச்சையாகத் தின்பதை இந்த முறை போட வேண்டாம்.

எலியின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் பரவும். கை கால் புண் வழியாகவும் கிருமி ஏறும். ஈர மண்ணில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். தாழ்வாரத்தில் கிடக்கும் புழுக்கையைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள். தோட்ட வேலைக்குப் பின் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் மருத்துவரிடம் மண்ணில் வேலை செய்ததையும் எலி இருந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள்.