அசல் அம்பாசிடரா, எஞ்சின் மாற்றியதா? – பழைய கார் கேள்வி–பதில்

இரண்டு அம்பாசிடர் மார்க் 2 பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 1972 மாடல். ஒன்று அசல்: 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், ஸ்டியரிங்கிலேயே கியர், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். நாலு வருஷமாக ஓடாமல் நிற்கிறது. இன்னொன்றில் இசுஸு எஞ்சின், ஐந்து கியர், ஏசி, புது பெயின்ட். விலை ஏறக்குறைய ஒன்றுதான். எதை வாங்கலாம்?
– வாசகர், திண்டுக்கல்

வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் ஆர்.சி.யைப் பாருங்கள். இசுஸு பெட்ரோல் எஞ்சின் 1817 சிசி. அந்த எஞ்சின் எண்ணும் சிசியும் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்காமல் எஞ்சினை மாற்ற முடியாது. காகிதத்தில் 1489, பானட்டுக்குள் 1817 என்றிருந்தால் பெயர் மாற்றம், எஃப்.சி., விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் என்று மூன்று இடத்திலும் மாட்டிக்கொள்வீர்கள். "அதையெல்லாம் யார் சார் பார்க்கிறார்கள்" என்று விற்பவர் சொன்னால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

காகிதம் சரியாக இருந்தால் அடுத்து வேலையின் தரம். இசுஸு எஞ்சின் நல்ல எஞ்சின். 1990களில் கம்பெனியே அதை அம்பாசிடரில் போட்டு விற்றது. பட்டறையில் போட்டதுதான் சோதிக்க வேண்டிய விஷயம். தரை விரிப்பைத் தூக்கி, கியர் லீவர் வரும் இடத்தில் தரைத் தகட்டை எப்படி வெட்டியிருக்கிறார்கள், வெட்டிய ஓரத்துக்குப் பட்டை வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். வண்டிக்கு அடியில் போய், கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். ஓட்டும்போது 60–70 கி.மீ. வேகத்தில் தரை அதிர்ந்தால், கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளமோ கோணமோ பேலன்ஸோ சரியில்லை. எல்லாவற்றுக்கும் மேல் பிரேக்: பழைய எஞ்சின் ஐம்பது சொச்சம் குதிரைத் திறன், இசுஸு சுமார் 75. எஞ்சினை மாற்றிவிட்டுப் பிரேக்கைத் தொடாமல் விட்ட வண்டி ஆபத்தானது. எங்களுக்கு இதில் இரண்டாவது கருத்தே கிடையாது.

புது பெயின்ட் நம்பிக்கை தரக்கூடாது, சந்தேகத்தைத் தான் கிளப்ப வேண்டும். அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் சேஸிஸ். துரு பிடிக்கும் இடங்கள் எல்லா வண்டியிலும் ஒன்றுதான்: கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம், ஜாக்கி வைக்கும் இடம், பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம், டிக்கியின் தரை. மெல்லிய துணியில் ஒரு சின்னக் காந்தத்தைச் சுற்றி இந்த இடங்களில் நகர்த்திப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. முன் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பாரின் (முறுக்குக் கம்பி) பின்முனையைப் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டம் அரித்திருந்தால் விலை பேசவே வேண்டாம்.

இனி அசல் வண்டி. நாலு வருஷம் நின்ற எஞ்சினை செல்ஃப் அடித்து எழுப்பப் பார்க்காதீர்கள். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் முன்பக்கத் துளையில் ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் இரண்டு முழுச் சுற்று வந்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளவில்லை. ஆயிலையும் பழைய பெட்ரோலையும் மாற்றி, வண்டி ஓடத் தொடங்கிய பிறகு கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) அளந்து பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. எஞ்சினின் பின்முனையில் லேசாக ஆயில் கசிவது இந்த எஞ்சினின் அமைப்பிலேயே உள்ளது. அதைக் காட்டி விலை குறைக்கலாம், பயப்பட வேண்டாம். ஆயில் மூடியின் உள்ளே வெண்ணெய் மாதிரிப் படிந்திருந்தால்தான் கவனம்: ஆயிலில் தண்ணீர் கலக்கிறது, ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும்.

டயர் நன்றாக இருக்கிறது என்பார்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது, தேயாவிட்டாலும் வயதாகிவிட்டது. ஐந்து டயர், மாஸ்டர் சிலிண்டரோடு எல்லா வீல் சிலிண்டர்களும், பிரேக் ஹோஸ்கள், ரேடியேட்டர் சுத்தம், பேட்டரி. இவ்வளவும் கட்டாயச் செலவு என்று வைத்து விலையிலிருந்து கழியுங்கள். அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றாலும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் பாகங்கள் கிடைக்கின்றன.

பாடி திடமாக இருந்தால் எங்கள் ஓட்டு ஓடாத அசல் வண்டிக்கே. இயந்திரத்தைச் சரிசெய்யலாம், வெட்டிய தகட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மிகக் கடினம்.

அசலைக் கெடுக்காமல் என் பிரீமியர் பத்மினி காரில் என்னென்ன மாற்றலாம்? ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை.
– வாசகர், ஈரோடு

திரும்பவும் கழற்றி அசலை மாட்ட முடிகிற எதையும் செய்யலாம். கழற்றிய பாகங்களைப் பெயர் எழுதி ஒரு பெட்டியில் வையுங்கள். நாளை விற்கும்போது அந்தப் பெட்டிக்கும் விலை உண்டு.

வெளிச்சத்துக்கு முதலில் பல்பை மாற்றாதீர்கள். லைட்டைப் போட்டு, பேட்டரி முனையில் ஒரு முறை, பல்பு முனையில் ஒரு முறை வோல்டேஜ் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் பழைய சுவிட்சும் மெல்லிய வயரும் கரன்ட்டைத் தின்கின்றன. ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று என்று இரண்டு நாலு-பின் ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போதும். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் முனை, 87 பல்புக்கு, பழைய லைட் வயர் 86-க்கு, 85 எர்த். பழைய சுவிட்ச் இனி ரிலேயை மட்டும்தான் இயக்கும், சூடாகாது. 60/55 வாட் ஹாலஜன் போட்டால் ஹை பீமில் இரண்டு பல்பும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். டைனமோ வண்டியாக இருந்தால் சிக்னலில் நிற்கும்போது பேட்டரிதான் அதைச் சுமக்கும். 100 வாட் பல்பு வேண்டவே வேண்டாம்.

டயருக்கு அசல் 5.20-14-க்குப் பதில் 155/80 ஆர்14 ரேடியல் போடலாம். விட்டம் கிட்டத்தட்ட அதேதான், ஸ்பீடோமீட்டர் ஏமாற்றாது. நாலையும் ஒன்றாக மாற்றுங்கள். பழைய வண்டியில் பிரேக் ஆயில் லைன் ஒன்றுதான். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இரட்டை மாஸ்டர் சிலிண்டர் போடுவது நாங்கள் முழு மனதோடு பரிந்துரைக்கும் ஒரே பெரிய மாற்றம். போடுகிறவர் விட்டத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்: பெரிதானால் பெடல் கல்லாகிவிடும், சிறிதானால் தரை வரை போகும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய எஞ்சினைக் கெடுக்குமா?
– வாசகர், புதுச்சேரி

எஞ்சினைவிட முதலில் கெடுவது ரப்பர். பெட்ரோல் ஹோஸ், பம்ப்பின் டயாஃப்ரம், கார்ப்பரேட்டர் வாஷர்கள் உப்பி மிருதுவாகிக் கசியும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீதான். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸாக மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக் கணக்கில் நிற்கும் வண்டியில் டேங்க் துருப்பிடிக்கும். அப்படி நிறுத்துவதானால் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

காற்று–பெட்ரோல் கலவையும் ஏழெட்டு சதவீதம் மெலியும். பிளக் முனை வெளுத்து, வண்டி மேட்டில் திணறினால், சோலெக்ஸ் கார்ப்பரேட்டரில் மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) 5 எண் கூட்டுங்கள். 115 இருந்தால் 120.

இன்னொரு பிரச்சினையையும் எத்தனாலின் தலையில் போடுகிறார்கள். 2000-ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெட்ரோல் நின்ற பிறகு, அம்பாசிடரின் வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கை மெல்ல உள்ளே அமிழ்கிறது. டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையே விடும் சந்து) ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் அதுதான் காரணம். ஹெட்டைக் கழற்றும்போது கடினப்படுத்திய சீட் போட்டுவிடுங்கள். வெளியே எதுவும் தெரியாது.

ஹெரால்டின் முன் சக்கரத்தில் கிரீஸ் அடிக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

அடிக்கவே கூடாது. சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் முன்சக்கரத்தைத் தாங்கும் கம்பியின் கீழ்முனை திருகு மரை. அது ட்ரன்னியன் என்ற பிடிக்குள் திரும்புகிறது. அங்கே போக வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் அடிமரை வரை இறங்காது. தண்ணீர் புகுந்து மரையை அரிக்கும், ஒரு நாள் வளைவில் திரும்பும்போது கம்பி முறிந்து சக்கரம் மடங்கிவிடும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, மேலே ஆயில் கசியும்வரை ஏற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

என் கார் 1973 மாடல். வின்டேஜ் பதிவு வாங்கலாமா?
– வாசகர், கோவை

முதல் பதிவுக்குப் பிறகு 50 ஆண்டு தாண்டியிருந்தால் 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி விண்ணப்பிக்கலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்பட்டிருக்கக் கூடாது. கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். அதன்பின் 5,000 ரூபாய்க்கு 5 ஆண்டு நீட்டிப்பு. ஆனால் ரேலி, கண்காட்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சில காரணங்களுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். தினமும் கடைத்தெருவுக்கு ஓட்டும் வண்டியானால் வழக்கமான பதிவையே 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள்.